கட்டுமானத் தகராறுகளும் வேலை முன்னேற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைட் இன்ஜினியர்கள், கான்ட்ராக்டர்கள், பில் போடுபவர்கள், உரிமையாளர் தரப்பு ஆட்கள் என்று யாரிடம் பேசினாலும் திரும்பத் திரும்ப இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். உதாரணங்களுக்குப் பெரும்பாலும் ஃபிடிக் (ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு) வெளியிடும் ஒப்பந்தப் படிவத்தை, அதிலும் சிவப்புப் புத்தகத்தின் 1999, 2017 பதிப்புகளை எடுத்திருக்கிறேன், ஏனென்றால் பல நாடுகளில் புழங்குவது அதுதான். உங்கள் ஒப்பந்தத்தில் சிறப்பு நிபந்தனைகள் என்று ஒரு பகுதி இருக்கும், அது பொது நிபந்தனையை அப்படியே மாற்றிப் போட்டிருக்கலாம். முதலில் அதைப் படியுங்கள்.

சைட்டில் தினமும் ஏதாவது ஒரு வாக்குவாதம் நடக்குது. அதெல்லாம் தகராறா?

இல்லை. முதலில் ஒரு சம்பவம் நடக்கிறது: வரைபடம் தாமதமாகிறது, தோண்டும்போது எதிர்பாராத பாறை வருகிறது. அதற்காகக் கூடுதல் நாளோ பணமோ கேட்டால் அது கிளெய்ம். கேட்டதை எதிர்த் தரப்பு மறுத்து, மறுத்ததை நீங்கள் ஏற்காமல் போனால்தான் அது தகராறு. 2017 பதிப்பு இந்த இரண்டையும் தனித்தனிப் பிரிவாகவே பிரித்துவிட்டது, 20-ல் கிளெய்ம், 21-ல் தகராறு. கிளெய்ம் என்ற சொல்லைக் கேட்டாலே சண்டைக்கு வந்துவிட்டார்கள் என்று முறுக்கிக்கொள்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், அந்த முறுக்கில்தான் பாதி விஷயம் கெடுகிறது.

நோட்டீஸ் கொடுத்தா உறவு கெட்டுப்போகாதா? வேலை முடியட்டும், கடைசியில பேசிக்கலாம்னு இருக்கோம்.

கடைசியில் பேசும்போதுதான் உறவு நிஜமாகவே கெடும். இரண்டு வருஷம் ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிட்டு இறுதிப் பில்லோடு இருநூறு பக்கக் கிளெய்மை நீட்டினால் உரிமையாளருக்கு எப்படி இருக்கும்? அவர் வங்கியிடம் அந்தப் பணத்தைக் கேட்டு வைத்திருக்க மாட்டார், அன்றைக்கே தெரிந்திருந்தால் வடிவமைப்பை மாற்றிச் செலவைத் தவிர்த்திருக்கவும் கூடும்.

பிரிட்டனில் உருவான இன்னொரு படிவமான என்இசி ஒப்பந்தங்களில் முன்னெச்சரிக்கை என்று ஒரு கடமையே இருக்கிறது. விலையையோ முடிக்கும் தேதியையோ பாதிக்கக்கூடிய எதைப் பார்த்தாலும் இரண்டு தரப்பும் உடனே சொல்ல வேண்டும், யார் மேல் தப்பு என்பது அப்புறம். நோட்டீஸையும் அந்த மனநிலையில் எழுதினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

எத்தனை நாளுக்குள்ள நோட்டீஸ் கொடுக்கணும்? ஒரு நாள் தள்ளினா எல்லாமே போச்சா?

ஃபிடிக்கில் 28 நாள். சம்பவம் உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து. அந்த இரண்டாவது பாதியைக் கவனியுங்கள், "எங்களுக்கு நேற்றுதான் தெரிந்தது" என்ற பேச்சு அதில்தான் அடிபடும். விவரமான கிளெய்மைக் கொடுக்க 1999 பதிப்பில் 42 நாள், 2017-ல் 84 நாள். என்இசியில் பல நிகழ்வுகளுக்கு எட்டு வாரம்.

தள்ளிப்போனால், எழுத்தின்படி உரிமை போய்விடும். 2017 பதிப்பில் இந்தக் கெடு உரிமையாளரின் கிளெய்முக்கும் பொருந்தும். அதே பதிப்பில் இன்னொரு விஷயமும் உண்டு: நோட்டீஸ் தாமதமாக வந்தது என்று இன்ஜினியர் (உரிமையாளர் நியமித்து ஒப்பந்தத்தை நடத்துபவர்) 14 நாளுக்குள் திருப்பிச் சொல்லாவிட்டால் அது செல்லும் நோட்டீஸாகக் கருதப்படும் (எதிர்த் தரப்பு அதை மறுத்து எழுதலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்). சில நாடுகளின் சட்டம் நல்லெண்ணக் கொள்கையைக் காட்டிக் கொஞ்சம் இளகும், சில நாடுகளில் கொஞ்சம்கூட இளகாது. அதை நம்பி 28-ஐத் தாண்டாதீர்கள்.

எவ்வளவு செலவாகும்னே தெரியாதே, நோட்டீஸ்ல என்னத்த எழுதுறது?

தொகை வேண்டாம். என்ன நடந்தது, எப்போது தெரிந்தது, எந்தப் பிரிவின் கீழ் எழுதுகிறீர்கள், கால நீட்டிப்பும் கூடுதல் செலவும் வரக்கூடும், விவரம் பின்னால் வரும். ஐந்தாறு வரி போதும். தலைப்பிலேயே கிளெய்ம் நோட்டீஸ் என்று போடுங்கள். மாதாந்திர அறிக்கையின் பதினேழாம் பக்கத்தில் ஒரு மூலையில் "வரைபடம் நிலுவையில் உள்ளது" என்று எழுதியிருந்ததை நோட்டீஸ் என்று பின்னால் வாதாடுவது ரொம்பச் சிரமம்.

இன்ஜினியர் வாயால சொன்னார், செஞ்சுட்டோம். இப்ப நான் சொல்லவே இல்லைங்கிறார்.

இதைக் கேட்காத சைட்டே இல்லை. 1999 பதிப்பு இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. வாய்மொழி உத்தரவு வந்த இரண்டு வேலை நாளுக்குள் "இன்று இப்படிச் சொன்னீர்கள், அதன்படி செய்கிறோம்" என்று நீங்கள் எழுதி அனுப்ப வேண்டும். அதற்கு அவர் இரண்டு வேலை நாளுக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால் உங்கள் கடிதமே அவருடைய எழுத்துபூர்வ உத்தரவாகிவிடும். உங்கள் படிவத்தில் இப்படி ஒரு பிரிவு இல்லாவிட்டாலும் எழுதி அனுப்பும் பழக்கத்தை விடாதீர்கள்.

வாட்ஸ்அப் செல்லுமா என்பது இதோடு சேர்ந்தே வரும் கேள்வி. அப்படிச் சொன்னார் என்பதற்கு அது சாட்சியாகலாம். ஆனால் முறையான நோட்டீஸ் ஆகுமா என்பது, கடிதப் போக்குவரத்து எந்த முகவரிக்கு எந்த வழியில் என்று உங்கள் ஒப்பந்தம் சொல்வதைப் பொறுத்தது. குரூப்பில் போட்ட போட்டோவை அன்றைக்கே மின்னஞ்சலிலும் தட்டிவிடுங்கள், போன் மாறினால் எல்லாம் போய்விடும்.

தினசரி அறிக்கை ஒழுங்கா எழுதிட்டுத்தானே இருக்கோம்? அப்புறமும் ஆதாரம் இல்லைங்கிறாங்க.

எழுதியிருப்பதை எடுத்துப் பாருங்கள். "கம்பி வேலை நடைபெற்றது. ஆட்கள் 42. வானிலை நன்று." இதை வைத்து எந்த நடுவரும் எதையும் முடிவு செய்ய முடியாது. இப்படி இருக்கட்டும்: "இரண்டாம் தளம், சி-4 முதல் சி-7 வரை ஷட்டரிங் நேற்றே முடிந்தது. மின்குழாய் வரைபடத்தின் திருத்தம் வராததால் கம்பி கட்டத் தொடங்கவில்லை. கம்பி கட்டுபவர்கள் 14 பேர் காலை 10 மணி வரை காத்திருந்தார்கள், அப்புறம் 9 பேரைப் படிக்கட்டு வேலைக்கு மாற்றினோம், 5 பேருக்கு அன்று வேலை இல்லை." இடம், காரணம், ஆள், நேரம், அதைச் சமாளிக்க நீங்கள் என்ன செய்தீர்கள், எல்லாம் மூன்று வரிக்குள் வந்துவிட்டது.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நஷ்டத்தைக் குறைக்க முயற்சி செய்தீர்களா என்று கட்டாயம் கேட்பார்கள். இன்னொன்று, இதே குறிப்புதான் வேலை ஏன் பின்தங்கியது என்பதற்கும் பதில். திட்டமிடல் பிரிவுக்கு ஒரு நோட்டு, கிளெய்ம் பிரிவுக்கு இன்னொரு நோட்டு என்று இரண்டு கதை எழுதினால், இரண்டும் எங்காவது முரண்படும். எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் தேடுவது அந்த முரண்பாட்டைத்தான்.

60 சதவீதம் முடிஞ்சதுன்னு கான்ட்ராக்டர் சொல்றார், 45தான்னு நான் சொல்றேன். எப்படி அளக்கிறது?

எதன் சதவீதம் என்பதை முதலில் கேளுங்கள். பணத்தை வைத்துச் சொன்னால், விலை உயர்ந்த லிஃப்டும் குளிர்சாதன எந்திரங்களும் சைட்டுக்கு வந்து இறங்கிய அன்றே எண்ணிக்கை தாவிவிடும், வேலையோ அப்படியே இருக்கும்.

ஈட்டிய மதிப்பு முறை என்று ஒன்று உண்டு. மொத்த வேலையின் மதிப்பை 100 என்று வையுங்கள். இன்றைய தேதிக்கு 40 முடிந்திருக்க வேண்டும், முடிந்தது 32, செலவானது 38. முடிந்ததைத் திட்டமிட்டதால் வகுத்தால் 0.8, அது கால வேகம். முடிந்ததைச் செலவால் வகுத்தால் சுமார் 0.84, அது பணத்தின் நிலைமை. இரண்டும் ஒன்றுக்குக் கீழே, ஆக தாமதமும் இருக்கிறது, கைநஷ்டமும் இருக்கிறது. ஆனால் இந்தக் கால எண்ணில் ஒரு ஓட்டை: வேலை முழுதாக முடியும்போது எவ்வளவு தாமதமாக முடிந்தாலும் அது 1-க்கு வந்து நின்றுவிடும். அதனால் கடைசி மூன்றில் ஒரு பங்கில் அதை நம்பாதீர்கள், நெருக்கடிப் பாதையில் இருக்கும் வேலைகளைப் பாருங்கள். ஒரு நாள் தள்ளினால் முடிவுத் தேதியும் தள்ளும் வேலைகள் அவை.

எனக்குப் பிடித்தது இதைவிட எளிமையானது. இந்த வாரம் முடிப்பதாகச் சொன்ன வேலைகளில் எத்தனை முழுதாக முடிந்தன? முடியாதவை ஏன் முடியவில்லை? லாஸ்ட் பிளானர் முறையில் வாராவாரம் எடுக்கும் கணக்கு இதுதான். முக்கால்வாசி முடிந்தது என்பதற்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

கான்ட்ராக்டர் ஆமை வேகத்துல போறார். வேலையைப் பிடுங்கி வேற ஆளுக்குக் கொடுத்துடலாமா?

அவசரப்படாதீர்கள். வேகம் போதாது என்று எழுத்தில் சொல்லித் திருத்திய கால அட்டவணை கேட்பது முதல் படி. தாமதம் அவர் பொறுப்பில் இருந்தால் ஆளையும் எந்திரத்தையும் கூட்டும் செலவு அவருடையது. அதற்கும் அசையாவிட்டால் குறையைத் திருத்தச் சொல்லும் நோட்டீஸ், அதன் பிறகே ஒப்பந்த ரத்து. 1999 பதிப்பில் பெரும்பாலான காரணங்களுக்கு 14 நாள் அவகாசத்தோடு ரத்து செய்யலாம்.

கொஞ்சம் வேலையை மட்டும் வெட்டி இன்னொருவருக்குக் கொடுப்பது சுலபமான வழியாகத் தெரியும். ஆனால் ஒரு வேலையை நீக்கலாமே தவிர அதை வேறு ஆளை வைத்துச் செய்வதற்காக நீக்கக் கூடாது என்று ஃபிடிக்கில் தெளிவாகவே இருக்கிறது. காரணம் செல்லாத ரத்தும் அப்படித்தான், அது உங்கள் தரப்பின் ஒப்பந்த மீறலாகிவிடும். பின்தங்கியவர் அவர், நஷ்ட ஈடு கட்டுவது நீங்கள் என்று முடியும்.

எல்.டி பிடிக்கிறது தண்டனை மாதிரி இல்லையா? உரிமையாளருக்கு நஷ்டமே ஆகலையே.

தாமதத்துக்கு நாளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகை அது. ஆங்கிலச் சட்ட மரபில் உண்மையான நஷ்டத்தை நிரூபிக்கத் தேவையில்லை. உரிமையாளரின் நியாயமான நலனோடு ஒப்பிட்டால் தொகை அளவுக்கு மீறி இருக்கிறதா என்பதுதான் சோதனை என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-ல் மக்டெஸ்ஸி வழக்கில் சொன்னது. வேறு பல நாடுகளில் தொகை அதிகம் என்று தோன்றினால் நீதிமன்றமே குறைக்கலாம்.

கான்ட்ராக்டருக்கும் இதில் ஒரு பாதுகாப்பு இருப்பதை மறந்துவிடுகிறார்கள். பொதுவாக உச்சவரம்பு இருக்கும், தாமதத்துக்காக அதற்கு மேல் உரிமையாளர் தனியாக நஷ்ட ஈடு கேட்க முடியாது.

தாமதத்துக்கு நாங்களும் காரணம், அவங்களும் காரணம். அப்ப யார் கணக்குல எழுதுறது?

முதலில் உண்மையிலேயே இரண்டும் ஒரே நேரத்தில் நெருக்கடிப் பாதையைத் தொட்டனவா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்று முந்தி வந்திருக்கும், அல்லது ஒன்று அந்தப் பாதையிலேயே இருக்காது. வரைபடம் தாமதம் என்று இவரும், ஆள் இல்லை என்று அவரும் கத்திக்கொண்டிருப்பார்கள், நிஜத்தில் அஸ்திவாரமே முடிந்திருக்காது. மேலே சொன்ன மாதிரி தினசரிக் குறிப்பு இருந்தால் இது ஒரு நாளில் தெரிந்துவிடும்.

நிஜமாகவே ஒன்றாக வந்திருந்தால், இங்கிலாந்தில் பொதுவாக நாள் கிடைக்கும், பணம் கிடைக்காது. எல்.டி தப்பும், நீட்டிப்புக் காலச் செலவு உங்கள் தலையில். ஸ்காட்லாந்தில் 2010-ல் சிட்டி இன் வழக்கில் நீதிமன்றம் தாமதத்தைப் பங்கு பிரித்தது. ஒப்பந்தமே இதைப் பற்றிப் பேசியிருந்தால் அதுதான் முதலில் செல்லும்.

எங்களால தாமதம்னா எதுக்கு நாங்களே நீட்டிப்பு கொடுக்கணும்? கொடுக்காம இருந்தா என்ன?

இது உரிமையாளர் தரப்பிலிருந்து வரும் கேள்வி. கால நீட்டிப்பு கான்ட்ராக்டருக்குச் செய்யும் சலுகை என்று நினைக்கிறார்கள், நிஜத்தில் அது உரிமையாளரின் எல்.டி உரிமையைத்தான் காப்பாற்றுகிறது. 1970-ல் இங்கிலாந்தில் பீக் - மெக்கின்னி வழக்கு. துணைக் கான்ட்ராக்டர் போட்ட பைல்களில் (அஸ்திவாரத் தூண்களில்) குறை இருந்தது, அதை எப்படிச் சரிசெய்வது என்று முடிவெடுக்க உரிமையாளரான உள்ளாட்சி நிர்வாகம் ரொம்ப நாள் இழுத்தது. அந்த இழுப்புக்கு நீட்டிப்பு கொடுக்க ஒப்பந்தத்தில் வழியில்லை. கடைசியில் எல்.டி-யே பிடிக்க முடியாமல் போனது. தானே தடுத்துவிட்டு, ஏன் முடிக்கவில்லை என்று கேட்க முடியாது என்பதுதான் அடிப்படை.

அட்டவணையில இருக்கிற மிச்ச நாள், அதான் ஃப்ளோட், யாருக்குச் சொந்தம்?

முடிவுத் தேதி தள்ளாமல் ஒரு வேலை தள்ளிப்போகக்கூடிய நாள்தான் ஃப்ளோட். ஒப்பந்தம் சொல்லாவிட்டால் முதலில் பயன்படுத்துபவருக்கு. பிரிட்டனின் கட்டுமானச் சட்டச் சங்கம் 2002-ல் வெளியிட்டு 2017-ல் புதுப்பித்த தாமத வழிகாட்டியும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. கான்ட்ராக்டருக்கு இது அநியாயமாகப் படலாம், எனக்கும் கொஞ்சம் அப்படித்தான்.

ஆயிரம் தொந்தரவு, எது எவ்வளவுன்னு பிரிக்க முடியலை. மொத்தமா ஒரே தொகையா கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் அடி வாங்கத் தயாராக இருக்க வேண்டும். மொத்தக் கிளெய்மில், உங்களால் ஆன நஷ்டம் கொஞ்சம் அதில் கலந்திருக்கிறது என்று எதிர்த் தரப்பு காட்டினாலே கணக்கு ஆட்டம் காணும்.

முடிந்தால் இப்படிச் செய்யுங்கள். குழாய் பதிக்கும் குழு ஒன்று தொந்தரவு இல்லாத பகுதியில் நாளுக்கு 20 மீட்டர் போட்டது, இடம் ஒப்படைக்கப்படாமல் துண்டு துண்டாக வேலை செய்த பகுதியில் 12 மீட்டர்தான். அதே குழு, அதே மண், அதே எந்திரம். குறைந்த 8 மீட்டர்தான் உங்கள் இழப்பு. டெண்டரில் நீங்கள் நினைத்திருந்த 25 மீட்டரைக் காட்டி வாதாடினால், அது ஆரம்பத்திலேயே நடக்காத கணக்கு என்று சொல்லிவிடுவார்கள். உங்கள் சைட்டின் உண்மை வேகத்தை உங்கள் சைட்டோடே ஒப்பிடுவதால் இந்த முறைக்கு மரியாதை அதிகம். இதற்கும் அந்தத் தினசரி அறிக்கைதான் வேண்டும், திரும்ப அதையே சொல்கிறேன் என்று தெரிகிறது.

பில் பாஸ் ஆகவே இல்லை. வேலையை நிறுத்திடலாமா?

சொல்லாமல் நிறுத்தாதீர்கள். 1999 பதிப்பில் 21 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நிறுத்தலாம், அல்லது வேகத்தைக் குறைக்கலாம். பணம் வந்ததும் தொடங்க வேண்டும், நின்ற நாளுக்கு நீட்டிப்பும் செலவும் கேட்கலாம், தாமதமான தொகைக்கு வட்டியும் உண்டு. பிரிட்டனில் 1996 சட்டமே இந்த நிறுத்தும் உரிமையைக் கொடுக்கிறது.

பலரும் செய்வது வேறு. நோட்டீஸ் எதுவும் இல்லாமல் ஆட்களைப் பாதியாகக் குறைத்துவிட்டு, கேட்டால் "ஊருக்குப் போயிருக்காங்க" என்பது. பதிவில் அது உங்கள் செயல்திறன் குறைவாக மட்டும் நிற்கும், பணம் வராத கதை எங்குமே இருக்காது.

தகராறு வாரியம், அட்ஜுடிகேஷன், மீடியேஷன், ஆர்பிட்ரேஷன். இதுல எது எதுக்கு?

தகராறு வாரியம் வேலை நடக்கும்போதே கூட இருக்கும் ஒருவர் அல்லது மூவர். சைட்டுக்கு வந்து போவார்கள். 1975-ல் அமெரிக்காவின் கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையின் இரண்டாம் குழாயை வெட்டத் தொடங்கியபோது இப்படி ஒரு குழு அமைத்தார்கள், அந்த வெற்றிக்குப் பிறகுதான் இது பரவியது. ஃபிடிக்கில் வாரியம் 84 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அட்ஜுடிகேஷன் என்பது நடுநிலையான ஒருவர் சீக்கிரமாகச் சொல்லும் தீர்ப்பு, பிரிட்டனில் சட்டப்படி கிடைக்கும் உரிமை, சாதாரணமாக 28 நாளில் தீர்ப்பு. மீடியேஷனில் நடுவில் இருப்பவர் தீர்ப்பு சொல்ல மாட்டார், பேசி முடிக்க உதவுவார். ஆர்பிட்ரேஷன், அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் விசாரித்துத் தீர்ப்பது, கடைசிப் படி, நீளம், செலவும் அதிகம், ஆனால் 1958 நியூயார்க் உடன்படிக்கை இருப்பதால் தீர்ப்பை 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் அமல்படுத்தலாம்.

என் கருத்து, வாரியத்தை முதல் நாளே அமையுங்கள். செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று தகராறு வந்த பிறகு அமைக்கப் போனால், யாரைப் போடுவது என்பதே இன்னொரு தகராறாகிவிடும்.

வாரியத்தோட முடிவு தப்புன்னு தோணுது. பணம் கட்டாம மேல போகலாமா?

மேலே போகலாம், 28 நாளுக்குள் அதிருப்தி நோட்டீஸ் கொடுத்துவிட்டு. ஆனால் பணம் கட்ட வேண்டும். முதலில் கட்டு, அப்புறம் வாதாடு என்பதுதான் இந்த அமைப்பின் உயிர். இந்தோனேசியாவில் ஓர் எரிவாயுக் குழாய்த் திட்டத்தில் வாரியம் 2008-ல் கான்ட்ராக்டருக்குச் சாதகமாக முடிவு சொன்னது, உரிமையாளர் கட்டவில்லை, வழக்கு சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை இரண்டு தடவை போய் 2015-ல்தான் கட்டியே ஆக வேண்டும் என்று முடிந்தது. 1999 பதிப்பின் வாசகத்தில் இருந்த ஓர் இடைவெளி இந்த இழுப்புக்கு இடம் கொடுத்தது, 2017-ல் அதை அடைத்துவிட்டார்கள்.

சமரசம் பேசும்போது நாங்க இறங்கி வந்து சொன்ன தொகையை நாளைக்கு எங்களுக்கு எதிரா காட்டுவாங்களா?

உரிமைக்குப் பாதகமின்றி நடக்கும் சமரசப் பேச்சு என்று தெளிவாகக் குறிப்பிட்டு, அதை வழக்கமான சைட் கடிதத்தோடு கலக்காமல் தனியாக அனுப்புங்கள். பல சட்ட மரபுகளில் அந்தப் பேச்சைச் சாட்சியாகக் காட்ட முடியாது. ஆனால் முத்திரை மட்டும் குத்திவிட்டு உள்ளே சமரசப் பேச்சே இல்லாமல் சும்மா குறை சொல்லி எழுதினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

இறுதிப் பில் வாங்கும்போது "முழுத் தீர்வு"ன்னு கையெழுத்துக் கேட்கிறாங்க. போடலாமா?

நிலுவையில் கிளெய்ம் இருந்தால், அதைத் தவிர்த்துத்தான் இந்தக் கையெழுத்து என்று அதே தாளில் எழுதிவிட்டுப் போடுங்கள். ஃபிடிக்கில் இன்னும் ஒரு கண்ணி இருக்கிறது: இறுதிக் கணக்கு அறிக்கையில் நீங்கள் சேர்க்காத எதற்கும் அப்புறம் உரிமையாளருக்குப் பொறுப்பில்லை. 1999 பதிப்பில், வேலை முடிந்தபோது கொடுக்கும் கணக்கிலும் அது இருந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு நடந்தவை மட்டும் விதிவிலக்கு. எல்லா நோட்டீஸும் நேரத்துக்குக் கொடுத்து, எல்லா ஆதாரமும் வைத்திருந்து, இந்த ஒரு பட்டியலில் ஒரு வரியை விட்டதால் தொகை போன கதைகள் உண்டு. பில் போடுபவரும் கிளெய்ம் பார்ப்பவரும் அந்தப் பட்டியலை ஒன்றாக உட்கார்ந்து சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.